இரண்டாம் ஆளின் கைநாட்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற பருவத்தில் ஒரு நாள் மதிய இடைவேளை. சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, நம் கல்லூரி வேப்பமரத்தடியில் நாலைந்து நண்பர்கள் அமர்ந்திருந்தோம். சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் புத்தகம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. குதிரையும் துப்பாக்கியும் மார்பில் நட்சத்திரச் சின்னமுமாக ஒரு ஷெரீப். அவருக்குப் பின்னால் அவருடைய உதவியாளர். படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஷெரீப்தான் இருக்கிறாரே, இந்த இரண்டாவது ஆள் எதற்கு? முதல் குண்டை வாங்கிக்கொண்டு சாகத்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம் உண்டு. என் தாத்தா ஓர் இரண்டாவது ஆள். அவர் குதிரையேறியதில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் தலையாரி.

ஷெரீப்புக்கும் தலையாரிக்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் உள்ள உறவு என்று கேலியும் பேசலாம். சற்றுப் பொறுங்கள்; உறவு நெருக்கமானது.

ஷெரீப் என்ற சொல் இங்கிலாந்தில் பிறந்தது. 'ஷைர்' என்றால் நாட்டுப் பிரிவு. 'ரீவ்' என்றால் அரசனுக்காக அதனைப் பார்த்துக்கொள்ளும் மணியக்காரர். இரண்டும் சேர்ந்து தேய்ந்து ஷெரீப் ஆயிற்று. அரசனுக்கு வரவேண்டிய வரியை வசூலிப்பது, ஊரில் அமைதி காப்பது, நீதிமன்றத்தின் ஆணையை உரியவரிடம் சேர்ப்பது ஆகிய மூன்றும் அவர் வேலை. நாள் செல்லச் செல்ல இங்கிலாந்தில் அது கௌரவப் பதவியாயிற்று. ஓராண்டுக்கு ஒரு பெரிய மனிதர் அங்கி அணிந்து, வாள் தரித்து, விழாக்களில் முன்வரிசையில் அமர்வார். சம்மன், வாரண்டு, ஜப்தி என்ற உண்மையான வேலையெல்லாம் 'அண்டர் ஷெரீப்' என்னும் இரண்டாம் ஆளிடம் போயிற்று. பெரும்பாலும் அவர் சட்டம் பயின்ற வழக்கறிஞர். உயர்நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு 2004 வரை அங்கே அவர் கையில்தான் இருந்தது.

இதே பதவி கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. 1726-ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தபோது ஷெரீப் பதவியும் உடன் வந்தது. பிற்காலத்தில் அதுவும் நகரப் பிரமுகர்களுக்கு அளிக்கப்படும் கௌரவமாயிற்று. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 1880-களில் சென்னையின் ஷெரீப்பாக இருந்தவர். ஷெரீப் நகரத்தின் சார்பில் விருந்தினரை வரவேற்பார். உயர்நீதிமன்றத்தின் தாள்களை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆளனுப்பும் வேலையைத் துணை ஷெரீப்பும் அவர் அலுவலகமும் பார்க்கும். 1990-களின் இறுதியில் சென்னையில் அந்தப் பதவியே எடுக்கப்பட்டுவிட்டது.

நகரத்துக்கு ஷெரீப் என்றால், கிராமத்துக்கு யார்? சென்னை ராஜதானியில் 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையே ஊர்க் காவலுக்கும் பொறுப்பாளர் ஆக்கிற்று. வரி வசூல், ஊர் அமைதி, சிறு வழக்கு ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன. இதுவே இங்கிலாந்து ஷெரீப்பின் பழைய வேலை. அவரைத்தான் நம் முன்னோர் கிராம முன்சீப் என்றும் மணியம் என்றும் அழைத்தார்கள். அவருக்குத் துணையாக அந்தச் சட்டம் குறிப்பிட்டவர்களுள் ஒருவர் தலையாரி. ஆக, ஷெரீப்பின் இரண்டாம் ஆள் நட்சத்திரச் சின்னம் இல்லாமல், கையில் கம்போடு, நம் தெருவிலேயே நடந்திருக்கிறார். நாம்தான் அவரைப் பார்க்கவில்லை.

இந்தப் பதவிகள் பரம்பரையாக வந்தவை. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்திற்று. முன்சீப் மகன் முன்சீப், கணக்கப்பிள்ளை மகன் கணக்கப்பிள்ளை, தலையாரி மகன் தலையாரி. பிறப்பை வைத்து அரசுப் பதவி தருவது அரசியலமைப்புக்கு முரண் என்று 1960-இல், ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு முன்சீப், கணக்கப்பிள்ளை பதவிகளை அடியோடு ஒழித்தது. 1982-இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. அவர்கள் இடத்தில் படித்துத் தேறிய கிராம நிர்வாக அலுவலர் வந்தார். முதல் ஆள் மாறினார். இரண்டாம் ஆள் மட்டும் மாறவில்லை. தலையாரி தலையாரியாகவே நின்று, பின்னர் 'கிராம உதவியாளர்' என்று பெயர் பெற்றார். ஊரில் இன்றும் அவரைத் தலையாரி என்றுதான் சொல்கிறார்கள்.

இனி என் தாத்தாவின் கதைக்கு வருகிறேன். இதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குடே?" என்று வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொள்வார். ஆச்சி சொல்லித்தான் தெரியும்.

1979-ஆம் ஆண்டு. எங்கள் கூடங்குளத்துக்கு மேற்கே ஒரு சிறு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே தாத்தா தலையாரி. எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. அந்த ஊரில் கணவனை இழந்த ஒரு பெண்மணிக்குக் கொஞ்சம் புஞ்சையும் ஒரு கிணறும் இருந்தன. கிணறு வெட்ட அவள் கணவர் அரசுக் கடன் வாங்கியிருந்தார். தவணை நின்றுபோயிற்று. நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவருமுன் பாக்கி கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் தாத்தா கையில் வந்தது.

அவர் கொண்டுபோனபோது வீட்டில் ஆள் இல்லை. அது பதனீர்க் காலம். அவள் தன் தம்பி குடும்பத்தோடு கருப்பட்டி காய்ச்சும் வேலைக்கு வெளியூர் போயிருந்தாள். எங்கள் பக்கத்தில் பனையை நம்பிய குடும்பங்கள் அந்த மாதங்களில் விளைக்கு விளை பெயர்ந்து குடிசை போட்டுத் தங்குவது வழக்கம். தாத்தா நோட்டீஸைத் திரும்ப எடுத்துவந்து, "ஆள் ஊரில் இல்லை" என்றார். அந்தக் கிணற்றின் மேல் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குக் கண். அவருக்கு வேண்டியவராக இருந்தார் ஊர் முன்சீப். "நோட்டீஸை வாங்க மறுத்தாள், ஆகவே கதவில் ஒட்டப்பட்டது" என்று அவரே தாளில் எழுதி, மைப்பெட்டியைத் திறந்து தாத்தாவின் முன் வைத்தார்.

"அய்யா, அந்த வீட்டுக்குக் கதவே கெடையாதே. ஓலைத் தட்டிதான சாத்திக் கெடக்கு. கதவுல ஒட்டுனேன்னு நான் எப்படி கைநாட்டு வைக்க?" என்று கேட்டாராம் தாத்தா.

"தட்டின்னா என்னல, கதவுன்னா என்ன? வையி."

"ஒட்டியிருந்தா தட்டின்னே எழுதச் சொல்லியிருப்பேன் அய்யா. நான் ஒட்டவே இல்லையே."

பேச்சு அவ்வளவுதான். சண்டை இல்லை, சபதம் இல்லை. தாத்தா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தாள் சாராமல் திரும்பியது, ஏலம் தள்ளிப்போயிற்று. பதனீர்க் காலம் முடிந்து அந்த அம்மாள் வந்து, கருப்பட்டி விற்ற காசோடு காதில் கிடந்ததையும் விற்று, தவணை கட்டினாள். நிலம் நின்றது. இன்று அதில் முருங்கை நிற்கிறது.

தாத்தாவின் வேலை நிற்கவில்லை. சொன்ன பேச்சைக் கேளாதவர் என்று எழுதிப்போட்டு அவரை நிறுத்திவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் சம்பளம் இல்லை. அப்போது என் தந்தையார் நான்காம் வகுப்பு. அந்த ஆண்டு பள்ளியிலிருந்து நின்று ஆடு மேய்க்கப் போனவர், திரும்பப் போகவே இல்லை. 1980-இல் முன்சீப் பதவி ஒழிந்து, புதிதாக வந்த அலுவலர் தாத்தாவை மறுபடி அழைத்துக்கொண்டார். 2005-இல் ஓய்வு பெறும்வரை அவர் தலையாரியாகவே இருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது ஒரு தலைமுறை தள்ளிப்போனதற்குக் காரணம் அந்த ஒரு கைநாட்டு. ஆச்சிக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. "ஊரான் நெலத்த காப்பாத்தப் போயி, பெத்த புள்ள படிப்ப விட்டுட்டாரு" என்பாள். ஆச்சி சொல்வதைத் தவறென்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தாத்தா செய்தது சரி என்பதே என் கட்சி. அந்தக் கட்சியை உங்கள் முன் எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

நீதி எங்கே நடக்கிறது? நீதிமன்றத்தில் என்போம். அது பாதி உண்மை. நீதிபதி கூண்டில் நிற்பவரைப் பார்க்கிறார். வராதவரை அவர் எப்படிப் பார்ப்பார்? வராதவரைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் ஒரே கண், சம்மனைக் கொண்டுபோன ஆளின் கண். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை இதை நன்கு உணர்ந்திருக்கிறது. பிரதிவாதி சம்மனை வாங்க மறுத்தாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ, அவர் வீட்டு வெளிக்கதவில் ஒரு நகலை ஒட்டலாம். ஆனால் ஒட்டியவர் எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்றெல்லாம் எழுதித் திருப்ப வேண்டும். நீதிமன்றம் வேண்டுமானால் அவரையே அழைத்துப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம். சம்மன் முறைப்படி சாரவில்லை என்று பின்னால் நிரூபித்தால், ஒருதலையாய்ப் பிறந்த தீர்ப்பையே நீக்கக் கேட்கலாம் என்கிறது 9-ஆம் கட்டளை. ஏன் இத்தனை பாதுகாப்பு? பெரிய கட்டடத்தில் பெரியவர்கள் செய்யும் நீதி முழுவதும், கடைசியில் ஒரு சிறிய ஆளின் ஒரு வரி வாக்குமூலத்தின் மேல் நிற்கிறது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். அந்த வரி பொய்யானால் மேலே உள்ளதெல்லாம் பொய்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்" என்று நாம் பூசாரியைத்தான் ஏசுகிறோம். எனக்கு இன்னொரு பழமொழியே அதிக அச்சத்தைத் தருகிறது. "தலையாரியும் அதிகாரியும் ஒன்றானால் சம்மதித்தபடி திருடலாம்" என்பது அது. பூசாரி தடுத்தால் ஒருவனுக்கு வரம் போகும். தலையாரியும் அதிகாரியும் ஒன்றானால் ஊரே போகும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமா? உலகிலேயே மிகப் பெரிய ஷெரீப் துறைகளில் ஒன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் உள்ளது. அங்கே ஷெரீப்பை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அண்டர் ஷெரீப். அந்தத் துறையின் சிறையில் கைதிகள் அடிக்கப்படுவதாக மத்தியப் புலனாய்வுத் துறை 2011-இல் விசாரித்தது. தகவல் கொடுத்துவந்த ஒரு கைதியைப் புலனாய்வாளர் கண்ணில் படாமல், பெயரை மாற்றி மறைத்துவைத்தார்கள். அவ்விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக, முன்பு அண்டர் ஷெரீப்பாக இருந்த பால் தனாக்கா 2016-இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஷெரீப்பாக இருந்த லீ பாக்காவுக்கு 2017-இல் மூன்றாண்டுத் தண்டனை. தலைவருக்கு மூன்று, இரண்டாம் ஆளுக்கு ஐந்து! நம் பழமொழியை அந்த நாட்டு நீதிமன்றம் கேட்டதில்லை; ஆனாலும் அதையே தீர்ப்பாக எழுதிற்று என்று எனக்குத் தோன்றியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. இரண்டாம் ஆளின் கடமை கீழ்ப்படிவது அல்லவா? ஒவ்வொரு தலையாரியும், ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் மனச்சாட்சிப்படி நடக்கத் தொடங்கினால் நிர்வாகம் நடக்குமா? ஏர் பிடிப்பவன் ஒரு பக்கமும் மாடு ஒரு பக்கமும் இழுத்தால் உழவு ஆகுமா?

ஆகாதுதான். என் தாத்தாவும் கீழ்ப்படியாதவர் அல்லர். நோட்டீஸைக் கொண்டுபோ என்றபோது கொண்டுபோனார். அந்தக் கடன் நியாயமா, ஏலம் நியாயமா என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையன்று. வீட்டில் ஆள் இருந்து, அவள் வாங்க மறுத்திருந்தால், அவரே அந்தத் தட்டியில் ஒட்டியிருப்பார். அவள் நிலம் போயிருக்கும். அவர் மறுத்தது ஒன்றே ஒன்றுதான். இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. என்ன செய்ய வேண்டும் என்பதை அதிகாரி சொல்லலாம். என்ன நடந்தது என்பதை அவர் சொல்ல முடியாது. அதைச் சொல்லவேண்டியவர் போய்ப் பார்த்து வந்தவர். கட்டளை மேலிருந்து கீழே வரும். உண்மை கீழிருந்து மேலே போகவேண்டும். இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. அந்தப் படியில் நிற்பவர் இரண்டாம் ஆள்.

உண்மையை மேலே அனுப்புவதற்கு விலை உண்டு. நம் தாமிரபரணிக் கரையிலேயே அண்மையில் அதைக் கண்டோம். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், ஆற்று மணல் கொள்ளையைப் பற்றிக் காவல் துறைக்குப் புகார் அனுப்பினார். 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், தம் அலுவலக நாற்காலியில் அமர்ந்திருந்தபோதே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவருக்கு அதே ஆண்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது. கிராமத்தில் அவர் முதல் ஆள். மாவட்ட நிர்வாகத்தின் நீண்ட படிக்கட்டில் பார்த்தால் அவரும் கடைசிப் படியில் நின்றவரே. கண்டதைக் கண்டபடி எழுதினார். அதற்காக உயிரைக் கொடுத்தார். ஆற்றைப் பற்றிப் பாட நாட்டில் ஆள் உண்டு. ஆற்றுக்காக ஒரு புகார்த் தாளில் கையெழுத்திட ஆள் வேண்டுமே!

ஆகவே இரண்டாம் ஆளை நல்லவனாக இரு என்று உபதேசித்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று. அவர் நல்லவராக இருக்க வழி செய்ய வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றைக் கூறுகிறேன். முதலாவது, நோட்டீஸைச் சார்வு செய்தவரின் அறிக்கை அவருடைய சொல்லிலேயே இருக்க வேண்டும். வேறொருவர் எழுதி, இவர் கைநாட்டு வைக்கும் வழக்கம் முற்றும் ஒழிய வேண்டும். எழுதத் தெரியாதவரானால் வெளியாள் ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்டிப் பெற வேண்டும். இரண்டாவது, அதன் நகல் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். பின்னால் பழி வந்தால் காட்ட அவருக்கும் ஒரு தாள் வேண்டாமா? மூன்றாவது, பொய்யறிக்கை தர மறுத்ததற்காக ஒருவர் வேலையை இழந்தால், அதை முன்சொன்ன அதிகாரிக்கு மேலுள்ள வேறு அதிகாரி விரைந்து விசாரிக்க வேண்டும். ஓராண்டு காத்திருக்கக் கிராம உதவியாளரின் அடுப்புக்குத் தெம்பு கிடையாது.

இன்று கைப்பேசி வந்துவிட்டதே, ஒட்டிய கதவைப் படமெடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அடுத்த வீட்டுக் கதவையும் அதே கைப்பேசி அழகாகப் படமெடுக்கும். கருவி கண்ணாகலாம், மனச்சாட்சி ஆகாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. மழையளவைக் கருவி சொல்லிவிடும். எந்தச் சுவர் வெள்ளத்தில் விழுந்தது, எந்தச் சுவர் ஏற்கெனவே விழுந்து கிடந்தது என்பதைச் சேற்றில் இறங்கி நடந்து பார்த்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

இத்தனையும் அரசுக்குச் சொன்ன புத்தி. நமக்கு?

விரிவுரையாளப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இதை முடிக்க இயலும். சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில் கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. விடை 9.8-ஐ ஒட்டி வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு 9.3 வந்தது. மறுபடி அலைவுகளை எண்ணியிருக்கலாம். எங்கே பிழை என்று கேட்டிருக்கலாம். நானோ விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இருபது அலைவுகளுக்கான நேரத்தை மாற்றி எழுதி, ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைபடம் போட்டேன். கையெழுத்தும் கிடைத்தது. நான் மட்டுமா இப்படி என்று தோழர்கள் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்று மாலை தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் படங்களைத் தடவிப் பார்த்து, "எல்லாம் நீயே பாத்து எழுதுனதா?" என்று கேட்டார். பெருமையாகத்தான் கேட்டார். "ஆமா தாத்தா" என்றேன். அந்த 'ஆமா' இன்னும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கதவே இல்லாத வீட்டின் கதவில் நான் நோட்டீஸ் ஒட்டிவிட்டேன். அவரை வேலையை விட்டு நிறுத்துவேன் என்று மிரட்டினார்கள், அவர் ஒட்டவில்லை. என்னை யாரும் மிரட்டவே இல்லை.

தேர்வு மதிப்பெண்தானே, இதில் என்ன கெட்டுவிட்டது என்பீர்கள். என் ஊர் கூடங்குளம். அங்கே 1988-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழிவந்த அணுமின் நிலையத்தில், தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இயங்குகின்றன. முதல் உலையில் 2013 ஜூலையில் தொடர்வினை தொடங்கியது. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையில் நடந்த போராட்டம் நாடறிந்தது. உலை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. இரு தரப்பாரும் மறுக்க முடியாத ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எந்த ஆலையானாலும், எந்த உலையானாலும், கருவியின் முள் காட்டும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதும் கை ஒன்று இருக்கும். அது தலைவரின் கையாக இராது. நம்மைப் போல் பி.எஸ்ஸி. படித்த ஓர் இளைஞனின் கையாகவே இருக்கும். வரவேண்டிய எண்ணை எழுதுவதா, வந்த எண்ணை எழுதுவதா என்பதை அந்தக் கை எங்கே கற்றுக்கொள்ளும்? நம் செய்முறை அறையில்தான் கற்றுக்கொள்ளும்.

தோழர்களே! நம்மில் ஒருவரோ இருவரோ மாவட்ட ஆட்சியர் ஆகலாம், ஆகட்டும், மகிழ்வோம். மற்ற நாம் அனைவரும் இரண்டாம் ஆட்களாகவே வாழப்போகிறோம். அலுவலக உதவியாளர், ஆய்வுக்கூட உதவியாளர், எழுத்தர், நில அளவர், செவிலியர், தலைமைக் காவலர் என்று நம்மை எதிர்பார்த்து நிற்கும் நாற்காலிகள் எல்லாம் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் போடப்பட்டவை. அதில் இழிவு ஒன்றும் இல்லை. தலைவர் ஊருக்குத் தெரிந்தவர். இரண்டாம் ஆள் ஊரைத் தெரிந்தவர். எந்த வீட்டுக்குக் கதவு உண்டு, எந்த வீட்டுக்குத் தட்டி என்று அறிந்தவர் அவரே.

ஆகவே வேப்பமரத்தடியில் கேட்ட நண்பருக்கு என் விடை இது. இரண்டாவது ஆள் எதற்கு என்றால், முதல் ஆளுக்கு நடந்ததைச் சொல்வதற்கு. அதைச் சொல்ல அஞ்சுகிறவரானால் அவர் தேவையே இல்லை. கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியே போதும்.

அந்த ஊசல் சோதனையை இந்தப் பருவத்தில் மறுபடி செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன். வருகிற எண்ணை எழுதுவேன். அது 9.3 ஆனால் 9.3.